நான்கு நாள் பந்தயமும் ஆரணித் தறிகளும்

2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி தொடங்கிச் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தமிழ்நாட்டுக் கோஷ்டிக்கும் கர்நாடகக் கோஷ்டிக்கும் நான்கு நாள் நடந்த ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தை வாசகர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ, நாம் அறியோம். முதலில் ஆடிய கர்நாடகத்தார் 366 ஓட்டங்கள் எடுத்தனர். நம்மவர் 151 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தனர். இத்துடன் காரியம் முடிந்தது என்று எண்ணியவர் பலர். ஆனால் மறு ஆட்டத்தில் கர்நாடகம் 139-க்கே சுருண்டது. வெற்றிக்கு வேண்டியது 355 என்ற நிலையில், சாய் கிஷோரின் தலைமையில் ஆடிய நமது கோஷ்டி கடைசி நாள் மாலை வரை போராடி எட்டு விக்கெட்டுகளை இழந்து 338 ஓட்டங்கள் சேர்த்தது. பதினேழு ஓட்டங்கள் குறைந்தன, இரண்டு விக்கெட்டுகள் கையில் இருந்தன, பொழுது சாய்ந்துவிட்டது. பாபா இந்திரஜித் சதத்துக்கு இரண்டு குறைய 98 எடுத்தார். வெற்றி தோல்வியின்றி முடிந்த அப்பந்தயத்தைவிடச் சுவையான ஆட்டத்தை ரூபாய் கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கப்பட்ட கோஷ்டிகள் இரவு விளக்கொளியில் ஆடிக் காட்டியதாக நமக்குத் தெரியவில்லை.

இதை ஆரணியிலிருந்து நோக்குவோமாக. ஆரணி ஏன் என்று கேட்கலாம். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூர் முற்காலத்தில் ஒரு ஜாகீரின் தலைநகரம். 1751-ஆம் வருஷத்தில் கிளைவ் யுத்தம் செய்த இடங்களில் ஒன்றாகச் சரித்திரப் புஸ்தகங்களில் இடம்பெற்றது. இன்று அதன் கீர்த்தியெல்லாம் பட்டினால் வந்தது. சென்னையிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர் அளவு தூரந்தான். ஆயினும் 'ஆரணி ரோடு' என்னும் ரயில் நிலையமே ஊருக்கு வெளியே களம்பூரில் இருக்கிறது என்றால், தலைநகரத்துக்கும் அவ்வூருக்கும் உள்ள இடைவெளியைக் கிலோமீட்டர்க் கணக்கால் மட்டும் அளக்க இயலாது என்பது விளங்கும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து, பகலெல்லாம் குழித்தறியில் காலை மிதியிலும் கையை நாடாவிலும் வைத்து, ஒரு புடவைக்குப் பல நாள் உழைக்கும் ஜனங்கள் வாழும் ஊர் அது. பொறுமையாகப் பல நாள் செய்யும் வேலையின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அவர்களுடைய மாநிலத்தின் பெயரால் ஆடப்படும் பல நாள் பந்தயம் அவர்களுடைய காதில் விழுவதற்கு வழி ஏதும் செய்யப்படவில்லை. நமது குறை இதுதான்.

ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது நினைவூட்டுவது அவசியம். இவ்வரிசையின் முதல் ஆட்டம் 1934-ஆம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி அதே சேப்பாக்கத்தில், சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடந்தது. அன்றைய மைசூர்தான் இன்றைய கர்நாடகம். ஆகவே 2024-ல் எதிர்நின்ற இரு கோஷ்டிகளும் தொண்ணூறு வருஷத்துப் பங்காளிகள். எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48-க்கும் 59-க்கும் வீழ்ந்தது. சென்னை 130 எடுத்தது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பல நாள் ஆட்டங்களின் தொடக்கமாக அமைந்த அந்தப் பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோனது ஒரு வேடிக்கை. கோபாலன் ஹாக்கியிலும் நிபுணர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கிக் கோஷ்டியை விட்டு, இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் கோஷ்டியைத் தெரிந்துகொண்டார். ராம்சிங்கின் குமாரர் கிருபால் சிங். அவருடைய குமாரர் அர்ஜன் கிருபால் சிங், 1989-ல் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 912 ஓட்டங்கள் குவித்த ஆட்டத்தில் முந்நூறு கடந்தார். அதே ஆட்டத்தில் டபிள்யூ. வி. ராமனும் முந்நூறு கடந்தார். இப்படி ஒரு வம்சாவளியே நம் மாநிலப் பந்தயத்தில் இருக்கிறது.

கோப்பைக்கு இட்ட பெயரைப் பற்றி நமக்கு எப்போதுமே ஒரு மனத்தாங்கல் உண்டு. இங்கிலாந்துக்காக ஆடிப் புகழ் பெற்ற ஒரு சமஸ்தானாதிபதியின் பெயரை, பாட்டியாலா மகாராஜா வழங்கிய பாத்திரத்துக்கு வைத்தார்கள். ஆயினும் பெயர் எவருடையதாயினும், அக்கோப்பை செய்த தேச சேவை சிறிதன்று. அக்காலத்தில் பம்பாயில் கூட்டத்தைக் கவர்ந்தது ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர், ஏனையோர் என்று மதவாரியாகவும் இனவாரியாகவும் கோஷ்டி பிரித்து ஆடிய ஐங்கோணப் பந்தயம். நம் சென்னையிலும் பொங்கலை ஒட்டி இந்தியர் ஒருபுறமும் ஐரோப்பியர் மறுபுறமும் நின்று ஆடினார்கள். விளையாட்டில் மத வேற்றுமையைப் புகுத்துவது தகாது என்று காந்தியடிகள் 1940 டிசம்பரில் தம் அபிப்பிராயத்தை வெளியிட்டார். 1946-ல் பம்பாய்ப் பந்தயம் நின்றது. ரஞ்சிப் பந்தயமோ, ஒருவன் எந்தக் கோவிலில் கும்பிடுகிறான் என்று கேட்கவில்லை. எந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று மட்டுமே கேட்டது. ஆரணியில் பிறந்த எவனும், ஜாதி மதம் எதுவாயினும், அந்தக் கோஷ்டியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். இவ்வுரிமையைச் சொத்தாகப் பாவிக்காமல் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.

பரணில் போட்டார்கள் என்று நாம் கூறுவது மிகையன்று. உலக யுத்தம் நடந்த வருஷங்களிலும் நிற்காத இப்பந்தயம், 2020-21-ஆம் பருவத்தில், தொற்று நோயைக் காரணம் காட்டி முதன்முறையாகக் கைவிடப்பட்டது. அதே 2020-ல் ஐ. பி. எல். பந்தயங்களை மட்டும் கடல் கடந்து ஐக்கிய அரபு நாட்டுக்கே கொண்டுபோய் நடத்தி முடித்தார்கள். நோய்க்குப் பயந்ததில் தவறில்லை. பயம் ஒரு பந்தயத்துக்கு மட்டும் வந்ததுதான் ஆச்சரியம். பின்னர் 2024-25-ல் பருவத்தையே இரு துண்டாக்கி, நடுவில் குறுகிய ஓவர்ப் பந்தயங்களைச் செருகினார்கள். பாவை நடுவில் அறுத்து வேறு சரக்கு நெய்துவிட்டு, மறுபடியும் இழைக்கு இழை பிணைத்து நெய் என்று ஆரணித் தறிக்காரரிடம் சொன்னால் அவர் என்ன மறுமொழி கூறுவார் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

ஜனங்களே இவ்வாட்டத்தைப் பார்க்க வருவதில்லை, காலி ஆசனங்களுக்காக ஆடச் சொல்கிறீர்களா என்று கிரிக்கெட் ஸ்தாபனத்தார் கேட்பர். கேள்வி நியாயமானதே. நான்கு நாள் சேப்பாக்கத்தில் போய் உட்காருவதற்கு யாருக்கு அவகாசம் இருக்கிறது? நெசவாளருக்குக் கூலி மாதச் சம்பளமன்று. புடவைக்கு இவ்வளவு என்று கிடைப்பது. தறியை விட்டு நான்கு நாள் எழுந்தால் நான்கு நாள் வருமானம் போயிற்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குழியில் நீர் ஊறித் தறி நின்றுபோகும் நாட்களிலோ, சேப்பாக்கத்திலும் ஆட்டம் மழையால் நின்றுபோகும்! ஆகவே மைதானத்தில் கூட்டம் சேரவில்லை என்பதைக் கொண்டு ஜனங்களுக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டுவது பிசகு. உழைக்கும் மனிதனுக்குக் கையும் காலும் கண்ணும் தறியில் கட்டுப்பட்டிருக்கின்றன. சும்மா இருப்பது காது ஒன்றுதான்.

அந்தக் காதுக்கு ஒரு காலத்தில் விருந்து இருந்தது. சென்னை வானொலி கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்த நாட்களை நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் நாடகக் கலையில் பழகிய குரலுடையவர்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவருக்கும் பந்து எங்கே போயிற்று, எவர் துரத்துகிறார் என்பது மனக்கண் முன் நிற்கும்படி சொன்னார்கள். பல நாள் ஆட்டத்துக்கு ரேடியோவைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை என்பது நமது துணிபு. தொலைக்காட்சி கண்ணைக் கேட்கிறது. கைப்பேசி கண்ணோடு கையையும் கேட்கிறது. ரேடியோ ஒன்றும் கேட்பதில்லை. கைத்தறி ஓசையில் ஒரு தாளம் உண்டு. அதன் நடுவே வர்ணனை கேட்கும். தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்டிரும் கேட்பர். இரைச்சலினால் பக்கத்தில் நிற்பவர் குரலே கேளாத விசைத்தறிக் கூடத்தில் இது நடவாது என்பது வேறு. கைத்தறிக்கென்று 1985-ல் சட்டம் செய்து சில ரகங்களை ஒதுக்கியும், விசைத்தறிச் சரக்கு கைத்தறியென்று விலை போவதைத் தடுக்க முடியாத சர்க்காரின் கதையைத் தனியே எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுவோம்.

இன்றைய நிலை என்ன? ஐ. பி. எல். பந்தயங்களுக்குத் தமிழில் வர்ணனை தொலைக்காட்சியில் அமர்க்களமாக நடக்கிறது. பழைய ரஞ்சி ஆட்டக்காரர்களே உட்கார்ந்து பேசுகிறார்கள்; அவர்களுடைய தமிழ் சில சமயம் நம்மைச் சிரிக்க வைத்தாலும், தமிழில் இவ்விளையாட்டைப் பேச முடியாதென்ற பழைய சாக்கு அடிபட்டுப் போயிற்று. ஏலத்தில் வாங்கிய கோஷ்டிக்குத் தமிழ் வர்ணனை உண்டு. தமிழ்நாடு என்ற பெயரையே தாங்கி ஆடும் கோஷ்டிக்குப் பருவம் முழுவதும் தமிழ் வர்ணனை தரும் ஏற்பாடு இல்லை. லாபம் தேடும் கம்பெனியை இதற்காகக் குறை கூறுவதில் பயனில்லை. பிரசார் பாரதி லாபத்துக்காக ஏற்பட்ட கம்பெனியன்று. ஜனங்களின் வரிப்பணத்தில் நடப்பது. தேசிய முக்கியத்துவமுள்ள பந்தயங்களின் ஒளிபரப்பைத் தனியார் அதனுடன் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று 2007-ல் பார்லிமெண்டே சட்டம் செய்தது. விளையாட்டைக் காண்பதிலும் கேட்பதிலும் பொதுஜனங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்ற தத்துவம் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. சர்வதேசப் பந்தயங்களுக்கு ஒப்பிய தத்துவம் மாநிலப் பந்தயத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமற் போகும்?

கேட்பார் இருக்கிறார்களா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வார்த்தை. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனின் தந்தையார் புடவை நெய்யும் தறிக்கூடத்தில் கூலிக்கு உழைத்தவர். அவர் மகன் 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். பந்து வீசும் முறை விதிக்கு ஒத்ததல்லவென்று புகார் எழவே அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடினார். பின்னர் தம் ஊரிலேயே மைதானம் அமைத்து, 2023-ல் அது திறக்கப்பட்டது. தறிக்காரர் தெருவில் கிரிக்கெட் இல்லையென்று இனி யாரும் சொல்வதற்கில்லை. அந்தத் தெருவுக்குப் பெரிய ஆட்டத்தின் செய்தி போய்ச் சேர்வதில்லை என்பதே உண்மை. ஆரணியில் மாலை வேளையில் டென்னிஸ் பந்தால் ஆறு ஓவர் ஆடும் பையனுக்கு, ஒரு பந்து வீச்சாளர் காலையில் வீசிய பத்து ஓவர்களின் பலனை மாலையில் எப்படி அறுவடை செய்கிறார் என்பதை எவர் சொல்லித் தந்திருக்கிறார்? அடித்த பந்துகளை மட்டும் அவன் கண்டிருக்கிறான். அடிக்காமல் விட்ட பந்துகளின் மதிப்பை அறிய அவனுக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. தமிழ்நாடு இக்கோப்பையை 1954-55-லும் 1987-88-லும் மட்டுமே வென்றது. அதன்பின் இறுதி ஆட்டம் வரை பலமுறை சென்று தோற்றது. 2024-ல் மேற்சொன்ன கர்நாடகப் பந்தயத்துக்குப் பின்னர்க் கால் இறுதியில் சௌராஷ்டிரத்தை வென்றும், அரை இறுதியில் மும்பையிடம் மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. இத்தோல்விகளுக்கெல்லாம் ரேடியோ இல்லாமையே காரணம் என்று சொல்லும் அளவுக்கு நாம் புத்தி கெட்டவர்களல்லோம். ஆனால் நான்கு நாள் ஆட்டத்தின் நுட்பம் சென்னைச் சங்கங்களின் வேலிக்குள்ளேயே சுற்றி வருமாயின், ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அவ்வேலிக்குள்ளிருந்தே வருவார்கள்.

ஆரணியிலேயே ரஞ்சி ஆட்டம் நடத்த வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. முதல்தர ஆட்டத்துக்குரிய மைதானமும் வசதியும் ஒரு நாளில் முளைப்பவையல்ல. சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பந்தயங்களை அனுப்பியதற்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தைப் பாராட்டுகிறோம். வட ஆற்காடு என்று முன்னர் வழங்கிய வேலூர், திருவண்ணாமலைப் பிரதேசத்தையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அங்கே மைதானம் ஒன்றைத் தயார் செய்வதற்குக் கால வரையறை கூறவும் வேண்டும். அதற்கு முன்னதாகவே செய்யக்கூடியது வானொலிக் காரியம். சென்னை நிலையம் தமிழ்நாடு ஆடும் ஒவ்வொரு ரஞ்சி ஆட்டத்தையும், முழு நாளும் முடியாவிடில் காலையில் ஒரு மணியும் கடைசி இரண்டு மணியுமாவது, தமிழில் வர்ணிக்கட்டும். இதற்கு விமானத்தில் தூக்கிச் செல்லும் யந்திரங்கள் தேவையில்லை. இரண்டு வர்ணனையாளரும் ஒரு கணக்கரும் ஒரு மேஜையும் போதும். கிரிக்கெட் சங்கம் அதற்கு உரிமைக் கட்டணம் கேட்கலாகாது. ரஞ்சிப் பருவம் வழக்கமாக அக்டோபரில் தொடங்குகிறது. ஆட்ட அட்டவணை அதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது. சங்கத்தின் காரியதரிசியும் வானொலி நிலைய அதிகாரியும் ஒரு மாலைப் பொழுது சந்தித்துப் பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. அடுத்த பருவத்து அட்டவணை அச்சேறுவதற்குள் அவர்கள் சந்திப்பார்களா என்பதை அறிய ஆவலாக இருக்கிறோம்.