கட்டையைப் புரட்டும் கொக்கி

இரண்டு அடி விட்டம், எட்டு அடி நீளம். வெட்டி ஈரம் காயாத ஓக் மரக்கட்டை ஒன்று தரையில் கிடக்கிறது. எடை சுமார் 700 கிலோ. அதைப் புரட்டிப்போட எத்தனை பேர் வேண்டும்? நம் ஊரில் என்றால் நாலு ஆள், இரண்டு கடப்பாரை, கூடவே ஒரு ‘ஐலசா’. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரே ஆள் புரட்டிவிடுவார், கையில் ‘பீவி’ இருந்தால்!

பீவி என்பது ஒரு கொல்லரின் பெயர். மெய்னில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தார் ஜோசப் பீவி. அந்தக் காலத்தில் அங்கே பலருக்கு மரம்தான் சோறு போட்டது. குளிர்காலம் முழுக்கக் காட்டில் வெட்டுவார்கள். பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகளைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். ஆறே அவற்றை மரமில் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். வண்டி வாடகை மிச்சம்.

ஆனால், பாறையில் ஒரு கட்டை சிக்கினால் போச்சு! பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி மலையாகக் குவிந்துவிடும். ஆணி பதித்த பூட்ஸோடு அந்தக் குவியலில் ஏறி, பூட்டுப் போட்டதுபோல் சிக்கிக் கிடக்கும் கட்டையைக் கண்டுபிடித்துப் புரட்ட வேண்டும். அது நகர்ந்த நொடியே மொத்தக் குவியலும் கிளம்பும். ஓடித் தப்பியவர்கள் உண்டு. தப்பாதவர்களை ஆற்றங்கரையிலேயே புதைத்து, அவர்களின் பூட்ஸைப் பக்கத்து மரத்தில் மாட்டி வைப்பார்களாம்.

அப்போது அவர்களிடம் இருந்தது ஒரு கம்பு, அதில் வளையத்தில் தொங்கும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி எல்லாப் பக்கமும் ஆடும். ஒரு கையால் அதைப் பிடித்துக் கட்டையில் பதிய வைக்க வேண்டும். காலடியில் கட்டை உருளும்போது இது எவ்வளவு பெரிய வம்பு! பாலத்தின் மேலிருந்து இந்தப் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பீவி, நேராகப் பட்டறைக்குப் போனார் என்பது ஊர்க்கதை. கம்பைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, அதில் கொக்கியை போல்ட்டால் இறுக்கினார். இனி அது மேலும் கீழும் மட்டும்தான் அசையும், பக்கவாட்டில் ஆடாது. கம்பின் நுனியில் கூரான இரும்பு முள்ளும் வைத்தார். 1857 வாக்கில் பிறந்தது பீவி. காப்புரிமை வாங்கக் கிளம்பியவர், வழியில் நண்பர் வீட்டில் குடித்துவிட்டு உறங்க, நண்பர் முந்திக்கொண்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

ஆற்றில் கட்டை விடுவது மெய்னில் 1976-ல் கென்னபெக் நதியோடு முடிந்தது. கொக்கிக்கு மட்டும் ஓய்வு இல்லை. விறகு வெட்டுபவர்களும் சின்ன மரமில்காரர்களும் இன்றும் வாங்குகிறார்கள். முள் இல்லாமல், நுனியில் சின்ன உதடு போன்ற இரும்பு வைத்ததும் உண்டு. அதன் பெயர் ‘கேன்ட் ஹுக்’. தரையில் வேலை செய்ய இதுவே வசதி.

விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் ஏராளம். பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கை வளைத்தால் கொக்கி, இரும்புக் குழாய் இருந்தால் கைப்பிடி, ஒரு போல்ட், கொஞ்சம் வெல்டிங். பார்வைக்குக் கடைச் சரக்கு மாதிரியே இருக்கும். சிக்கல் போல்ட்டில்தான். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் கொக்கி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பீவி எதை ஒழித்தாரோ, அதுவே திரும்பி வந்துவிடுகிறது! இழுக்கும்போது கொக்கி வழுக்கினால் ஆள் மல்லாந்து விழுவார். கட்டை அவர் பக்கமே உருண்டால் கால் போகும்.

கொக்கியின் வளைவும் கட்டையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சின்ன வளைவு பெரிய கட்டையைக் கவ்வாது. குழாய்க் கைப்பிடி ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற ஆஷ் மரக் கைப்பிடியோ வளைந்து கொடுத்துவிட்டுப் பழையபடி நிமிரும்.

இரும்புப் பாகத்தைக் கடையில் வாங்கிக் கைப்பிடியை வீட்டில் இழைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் மரமாக எடுக்க வேண்டும். ரேகை குறுக்கே போனால் அந்த இடத்தில்தான் ஒடியும்.

பழகிய கைக்காரர்கள் கட்டைக்குப் பள்ளத்துப் பக்கம் நிற்கவே மாட்டார்கள். கொக்கி பதிந்ததா என்று லேசாக இழுத்துப் பார்த்த பிறகுதான் உடம்பின் எடையைக் கொடுப்பார்கள். கட்டை திரும்பி உருள ஆரம்பித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பீவியாக இருந்தாலும் கையை விட்டுவிட்டு விலகிவிடுவார்கள்.