யவன நாட்டு யாத்திரையும் அரிக்கமேடும்

கல்விக்கு நூலும் ஆசிரியரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது யாத்திரையும் என்பது நமது துணிபு. ஏட்டில் நூறு முறை படித்த ஊரை ஒருமுறை கண்ணாரக் கண்டுவிடின், அவ்வூர் நம் உள்ளத்தில் நிலைபெற்றுவிடுகின்றது. அதன் பின்னர் அந்நூலை மீண்டும் எடுத்து வாசிக்குங்கால், எழுத்துக்களுக்கிடையே கல்லும் மண்ணும் கடற்காற்றும் தோன்றுகின்றன.

இந்நாளில் நம்மவருள் பலர் கிரேக்க நாட்டுக்கும் அதனை அடுத்த தீவுகளுக்கும் யாத்திரை சென்று மீள்கின்றனர். வழிகாட்டியொருவர் முன்செல்ல, முப்பது நாற்பது பேர் ஒரு கூட்டமாகப் பின்தொடர்கின்றனர். ஆதென்ஸ் நகரில், பவுல் அப்போஸ்தலர் பேசியதாகக் கூறப்படும் மார்ஸ் மேடையாகிய பாறைக் குன்றின்மேல் ஏறுகின்றனர். கொரிந்துவில் பழைய நியாயாசனத்தின் எதிரே நிற்கின்றனர். பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் ஞானஸ்நானம் பெற்றதாகக் கூறும் ஆற்றங்கரையிற் சற்றே இளைப்பாறுகின்றனர். பத்மு தீவின் குகையையும் தரிசிக்கின்றனர். இவற்றைக் குறைகூற நாம் எழுதுகோலை எடுத்தோமல்லோம். சென்று வருவோர் நல்ல செல்வத்தை ஈட்டி வருகின்றனர் என்பதே நம் எண்ணம்.

ஆயினும், அவ்வாறு சென்று மீண்ட புதுவை அன்பர் ஒருவரை அணுகி, "அரிக்கமேட்டைக் கண்டதுண்டோ?" என்று வினவினோம். "அங்கே காண என்ன இருக்கின்றது? நாலைந்து மரங்களும் ஓர் இடிந்த சுவரும் தவிர வேறொன்றுமில்லையே!" என்றார் அவர். கடல் கடந்து சென்று இடிந்த தூண்களைக் கண்டு கண்ணீர் மல்கியவர், தம் ஊரின் இடிந்த சுவரை ஒரு பொருட்டாக எண்ணாமை நமக்கு வியப்பை அளித்தது. இக்கட்டுரை அவ்விடைக்கு நாம் தரும் மறுமொழியெனக் கொள்க.

புதுவை நகரிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையிற் சென்று, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால், வீராம்பட்டினத்துக்குப் போகும் வழி. ஆடி மாதத்தில் செங்கழுநீரம்மன் தேரைக் காணப் பல்லாயிரவர் செல்லும் வழியும் அதுவே. அவ்வழியில், காக்காயந்தோப்பையடுத்து, அரியாங்குப்பத்து ஆறு வளைந்து செல்லும் கரையில் உள்ளதே அரிக்கமேடு. நகருக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 4 கிலோமீட்டரே.

இம்மேட்டைக் குறித்து முற்காலத்தே எழுதி வைத்தவருள் ஒருவர் வானநூலார். லெ ஜான்தீய் என்னும் அந்தப் பிரெஞ்சு அறிஞர், 1769ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சூரியனைச் சுக்கிரன் கடக்குங் காட்சியைக் காண்பதற்காகவே புதுவையில் வந்து தங்கியிருந்தார். குறித்த வேளையில் மேகம் மூடிக்கொள்ள, அவர் காண வந்ததைக் காணாதொழிந்தார். ஆயினும், இவ்வாற்றங்கரையிற் பழைய பெருஞ்செங்கற்கள் கிடைப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அதன்பின் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தொடர்ந்து ஆராய்வார் இலர். 1937ஆம் ஆண்டில், புதுவைக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய், அவ்விடத்துச் சிறுவர் பொறுக்கி வைத்திருந்த மணிகளை வாங்கி ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றில் ஒரு தலையுருவம் செதுக்கப்பட்டிருந்தது. லூக்கா சுவிசேஷம் கூறும் அகுஸ்துராயனின் உருவமே அஃது என அவர் கருதினார். பின்னர் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசால் என்பாரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் முதலியோரும் முறையாக அகழ்ந்தனர்.

அகழ்ந்து கண்டவை யாவை? இத்தாலி தேசத்து அரெஸ்ஸோ நகரிற் செய்யப்பெற்ற, செந்நிற மெருகிட்ட மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அக்கலங்கள் செய்யப்பெற்ற காலம் அத்தேசத்தில் நன்கறியப்பட்டதாதலின், அவற்றோடு கிடந்த நம் நாட்டுப் பொருள்களின் காலமும் தெளிவாயிற்று. தென்னாட்டுத் தொல்பொருள்களுக்குக் காலம் வரையறுப்பதில் இம்மேடு ஓர் அளவுகோலாயிற்று என்பது மிகையாகாது. அன்றியும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், பலநிறக் கல்மணிகளும், கண்ணாடி மணிகளும், அவற்றைச் செய்த தொழிற்கூடங்களின் அடையாளங்களும் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இயற்றிய பூகோள நூலும் குறிப்பிடும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கொள்கை.

இனி, நம் அன்பர் செவிசாய்க்க வேண்டிய செய்தியொன்றுண்டு. அரிக்கமேட்டிற் கிடைத்த இருகைச் சாடிகளின் உடைசல்களுள் மிகுதியானவை கோஸ் தீவுக்குரிய வடிவின. அவற்றுட் சில அத்தீவிலேயே செய்யப்பட்டவை. சில அவ்வடிவைப் பின்பற்றிப் பிறவிடங்களிற் செய்யப்பட்டவை. கிரேக்கக் கடலிலுள்ள அச்சிறு தீவின் பெயரை அப்போஸ்தலருடைய நடபடிகளின் 21ஆம் அதிகாரத்திற் காணலாம். பவுல் அப்போஸ்தலர் எருசலேமுக்குக் கடைசி முறையாகச் செல்லுங்கால் அவருடைய கப்பல் கோஸ் தீவையும், மறுநாள் ரோது தீவையும் தொட்டுச் சென்றது. அது கி.பி. 57ஆம் ஆண்டையொட்டிய காலம். அதே தலைமுறையில் அத்தீவுகளின் மது, கப்பலேறி அலெக்சாந்திரியாவை அடைந்து, நைல் நதி வழியே தெற்கே சென்று, ஒட்டகங்களின் முதுகிற் பாலைநிலத்தைக் கடந்து, செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றைத் துணைக்கொண்டு இந்நாட்டை நோக்கி வந்தது. அச்செங்கடல் துறைகளிலும் தமிழ் எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. யவனர் நன்கலங்களிற் கொணர்ந்த மதுவைப் புறநானூறும் கூறும். ஆகவே கோஸ் தீவுக்குச் சென்று கரையில் நிற்கும் யாத்திரிகர், தம் ஊர் ஆற்றங்கரையை முன்னரே கண்டிருப்பாராயின், அவருக்கு அத்தீவு வேற்றூராகத் தோன்றுமோ?

இதனாலேயே இம்மேட்டை 'ரோமர் கட்டிய நகரம்' என்று சொல்லி முடிப்பது பொருந்தாது. வீலர் தம் காலத்தில் இதனை யவனரது வாணிகச் சாவடியாகவே பெரிதும் கண்டார். பின்னர் நடந்த அகழாய்வுகளோ, யவனப் பண்டங்கள் வந்திறங்குவதற்கு முன்னரே இவ்விடத்து மக்கள் குடியிருந்தனர் என்றும், யவன வாணிகம் அருகிய பின்னரும் நெடுங்காலம் இவ்வூர் அழிந்துபடவில்லை என்றும் காட்டின. இது நம்மவர் ஊர். அயலார் இதனைத் தேடி வந்தனர்.

அங்கே நிற்கும் இடிந்த சுவரைப் பற்றியும் ஒன்று கூறுவாம். சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தாருக்கு வழிகாட்டியொருவர் அச்சுவரைக் காட்டி, "இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் ரோமர் கட்டிய பண்டகசாலை இதுவே" என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் வியந்தனர், படம் பிடித்தனர், சென்றனர். உண்மை யாதெனில், அகழ்ந்து கண்ட பழைய கட்டடப் பகுதிகள் மீண்டும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன. மேலே நிற்பது, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிமார் அமைத்த குருமடத்தின் எச்சமாகும். கீழைநாட்டு மாணவரைக் குருப்பட்டத்துக்குப் பயிற்றிய அக்குருமடம், கொச்சின்சீனாவில் இடுக்கண் நேர்ந்தமையால் 1770ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்தது. அதன் தலைவராயிருந்த பிஞோ தெ பெஹேன் என்பவரே பிற்காலத்தில் வியத்நாம் தேசத்து அரசியற் சரித்திரத்திற் பெரும்பங்கு கொண்டவர். இம்மேட்டில் யவனர் சரித்திரமும் உண்டு, கிறிஸ்தவர் சரித்திரமும் உண்டு. அவ்விரண்டிற்குமிடையே ஏறக்குறைய 1700 ஆண்டுகள் உள்ளன. பொய்யுரைத்த அவ்வழிகாட்டி, தம்மிடம் இருந்த இரண்டு சரித்திரங்களையும் ஒருங்கே இழந்தார்.

இதனின்று நாம் கொள்ளும் முடிவு இது: பழைய தலங்களைக் காட்டுவோர் மூன்றனைப் பிரித்துக் கூறுதல் வேண்டும். மண் கூறுவது ஒன்று. நூல் கூறுவது ஒன்று. மரபு கூறுவது ஒன்று. இம்மூன்றும் ஒருங்கிசையும் இடமுண்டு. கொரிந்துவில் கல்லியோன் என்னும் அதிபதியின் முன் பவுல் நிறுத்தப்பட்டதாக நடபடிகள் நூல் கூறும். தெல்பி நகரிற் கிடைத்த கல்லெழுத்தொன்று அக்கல்லியோனைப் பெயர் சுட்டி, அவன் காலம் கி.பி. 52ஐ ஒட்டியது என்று காட்டுகின்றது. இங்கு நூலும் மண்ணும் ஒன்றுபடுகின்றன. வேறிடங்களில் அவை அவ்வளவு நெருங்குவதில்லை. புனித தோமையார் கொந்தபோரஸ் என்னும் அரசனிடம் வந்தாரென மூன்றாம் நூற்றாண்டுச் சிரியமொழி நூலொன்று கூறும். அவ்வரசன் கற்பனையோ என ஐயுற்றிருந்த காலத்தில், வடமேற்கு இந்தியப் பகுதியில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வெளிப்பட்டன. அவை அரசன் இருந்தான் என்பதற்குச் சான்று. தோமையார் அவனிடம் வந்தார் என்பதற்குச் சான்றாகா.

சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையிலும் இவ்வாறே. அங்கு 1547இல் போர்ச்சுக்கீசியர் நிலத்தை அகழ்ந்தபோது வெளிப்பட்ட கற்சிலுவையில் பாரசீகத்துப் பகலவி எழுத்துக்கள் உள்ளன. அது முதல் நூற்றாண்டினதன்று. பல நூற்றாண்டுகள் பிந்தியது. எனினும், போர்ச்சுக்கீசியர் வருமுன்னரே இக்கடற்கரையிற் கிறிஸ்தவர் வழிபட்டனர் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேறு யாது? தோமையார் அம்மலையில் உயிர்துறந்தார் என்பது மரபு. மரபை மரபென்றே கூறுவதால் அதன் பெருமை குன்றுவதில்லை.

"இவ்வாறு பிரித்துரைத்தால் எளிய மக்களின் விசுவாசம் தளராதோ?" என்று சிலர் வினவக்கூடும். நாம் அஞ்சுவது அதற்கு மறுதலையானதையே. பண்டகசாலையென்று நம்பிச் சென்ற அக்குடும்பத்தின் பிள்ளையொன்று, பத்தாண்டுகள் கழித்து ஒரு நூலை விரித்து அது பண்டகசாலையன்று என அறியுமாயின், அன்று கேட்ட ஏனையவற்றையும் ஐயுறும். கோஸ் தீவின் சாடி மெய்யாயினும், அப்பிள்ளைக்கு அதுவும் பொய்யாகவே தோன்றும். ஒரு பொய், தன்னை அடுத்து நிற்கும் பல மெய்களையும் கெடுத்துவிடுகின்றது.

காலந்தாழ்த்தவும் இடமில்லை. அரிக்கமேடு அரசாங்கத்தாரால் பாதுகாக்கப்பட்ட இடமேயாயினும், ஆறு அதன் கரையை அரித்துக்கொண்டிருக்கின்றது. பண்டு செங்கல்லை எடுத்துச் சென்றோர் பலர். மழைக்குப் பின் வெளிப்படும் மணியையும் ஓட்டையும் விளையாட்டாக எடுத்துச் செல்வோர் இன்றும் இலரல்லர். ஓர் ஓடு தான் கிடந்த இடத்தை விட்டு நீங்கிவிடின், அது வெறும் ஓடு. அது சொல்ல இருந்த காலக்கணக்கு அதனோடு அழிகின்றது.

ஆதலின் நம் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூட்டமாகச் சென்று இம்மேட்டைக் காணுங்கள். அதற்கு முன்னர்ப் புதுவை அருங்காட்சியகத்திற்குச் சென்று, இங்கெடுத்த பொருள்களை நன்கு பாருங்கள். அவற்றை மனத்திற்கொண்டு சென்றால் மரங்களுக்கிடையே வெறும் மண் தோன்றாது. அங்கிருந்து ஒன்றையும் எடுத்து வராதீர்கள். உங்களுட் சிலர் பயின்று, விடுமுறை நாள்களில் வருவோர்க்கு வழிகாட்டுங்கள். அறிந்ததை அறிந்ததென்றும், மரபை மரபென்றும் சொல்லுங்கள். அதிகாரிகளுக்கும் ஒரு சொல்: அக்குருமடச் சுவரின் பக்கத்தே, அஃது இன்னதென்று எவரும் படித்தறியத்தக்க தமிழிற் பெரிய எழுத்தில் ஒரு பலகை நிற்கட்டும், ஆற்றங்கரையை வலுப்படுத்தும் பணியும் தடையின்றி நடக்கட்டும்.

நம் அன்பர் மறுபடியும் கிரேக்க நாட்டுக்குச் செல்ல எண்ணியிருப்பதாகக் கேள்வியுற்றோம். அவர் செல்லட்டும், மகிழ்ச்சியுடன் வழியனுப்புவோம். ஆனால் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு நாழிகைப்பொழுது நம்முடன் அரியாங்குப்பம் வருமாறு அவரை வேண்டியிருக்கின்றோம். வருவதாக இசைந்துள்ளார்.