விடை தெரியும், வழி தெரியாது

தத்துவத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் இளைஞர் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். பேச்சு டேகார்ட்டிடம் போயிற்று. சிந்திப்பதால் தாம் இருப்பது நிச்சயம் என்று டேகார்ட் கண்டதை மடமடவென்று ஒப்பித்தார்.

"அது மட்டும் அவருக்கு நிச்சயமாகப் பட்டது ஏன், தம்பி?" என்று கேட்டேன்.

"அது பாடத்தில் இல்லை, சார்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பதிலைத் தயாரித்துக் கொடுத்த படிப்பின்மேல்தான் கோபம்.

டேகார்ட் 1637-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே 'முறை' என்ற சொல் இருக்கிறது. கண் காட்டுவது பொய்யாகலாம், விழிப்பு என்பது கனவாகலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், சந்தேகிக்கிறவன் ஒருவன் உண்டு என்பதைத் தள்ள முடியாமல் நின்றார். நம் மாணவன் அவர் நின்ற இடத்தை மனப்பாடம் செய்கிறான். நடந்த வழியை அறியான்.

நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி பத்து என்கிறேன். அப்போது மணி உண்மையிலேயே பத்து. எனக்கு மணி தெரியும் என்று சொல்லலாமா? தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற இலக்கணத்தை, 1963-இல் கெட்டியர் என்ற அமெரிக்கர் இந்த மாதிரி இரண்டே உதாரணங்களால் ஆட்டிவிட்டார். கட்டுரை மூன்றே பக்கம். 'கெட்டியரின் கொள்கை யாது?' என்று கேள்வித்தாளில் கேட்டால் எழுத ஒன்றுமில்லை. அவர் செய்து காட்டியதைச் செய்யத் தெரிந்தால்தான் அவரைப் படித்ததாக அர்த்தம்.

இது மேனாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே மாற்றாருக்கு ஒதுக்கினார். உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தாரை வரிசையாக அழைத்து, அவரவர் கட்சியைச் சொல்லிவிட்டுத்தான் மறுதலைக்குப் போகிறார். தம் கட்சியான சுபக்கம் அதற்கும் பிறகுதான். நாமோ சுபக்கத்துக்கும் சுருக்கம் கேட்கிறோம்!

"யார் என்ன சொன்னார் என்று முதலில் தெரிய வேண்டாமா?" என்பார்கள். வேண்டும், அதற்கு பி.ஏ. போதும். "சின்னப் பிள்ளைகளால் வாதம் செய்ய முடியுமா?" என்பார்கள். 1908-இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் எம்.ஏ. மாணவரான ராதாகிருஷ்ணனுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பாகத் தம் ஆய்வுரையை எழுதினார். வாதம் வென்றதா என்பது வேறு விஷயம், வாதம் செய்தார்.

பத்து ஞானிகளின் சுருக்கத்தை விட்டு, ஒரே நூலை ஓராண்டு படிக்கட்டும். தனக்குப் பிடிக்காத கட்சியை, அந்தக் கட்சிக்காரனே 'ஆம், என் வாதம் இதுதான்' என்று ஒப்பும்படி எழுதட்டும். பிறகு மறுக்கட்டும். எதிரி சொல்லாததை மறுத்துக் கைதட்டல் வாங்கும் மேடைகள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பழக்கத்துக்கு மருந்து தர வேண்டிய வகுப்பிலேயே நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

அந்த இளைஞர் அடுத்த ஆண்டு ஆசிரியராகப் போவார். ஒரு பையன் எழுந்து, "ஏன் சார்?" என்று கேட்பான். அவர் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்.