கம்பெனிப் பேருந்துக்கு எதிராக ஒரு கபடி அணி

கும்மிடிப்பூண்டிப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் எங்கள் நண்பர் ஒருவர் அண்மையில் உடற்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றார். கல்லூரியின் பெயரோ நண்பரின் பெயரோ இங்கு அவசியமில்லை. அவருடைய அறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பழைய சுழற்கோப்பைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கபடிக்காகப் பெற்றவை. அவர் பொறுப்பேற்ற வாரத்தில் கபடி ஆட வந்து நின்றவர்கள் ஐந்தே பேர். களத்தில் இறங்கவே எழுவர் வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பழைய பெயர் திரும்ப வேண்டும் என்று மட்டும் நிர்வாகம் அவரிடம் சொல்லியிருந்தது.

கதையும் கவிதையும் பேசுகிற இந்தப் பக்கத்தில் கபடிக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வையும், மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி 2025இல் வெளிவந்த ‘பைசன்’ படத்தையும் பற்றி நாங்கள் நாள்கணக்கில் விவாதித்திருக்கிறோம். ஆனால் திரையில் ஓர் ஆட்டக்காரன் தோன்றுவதற்கு முன்பு அவனை யாரோ ஒருவர் வீடு தேடிப் போய் அழைத்து வந்திருக்கிறார். அந்த அழைப்பைக் குறித்து நாங்கள் பேசியதேயில்லை. ஆகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பருடன் ஆள் தேடச் சென்றோம். அங்கு கண்டவற்றிலிருந்து உருவான கருத்தே இக்கட்டுரை.

புறப்படும் முன் எங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. இத்தகைய சிறு கல்லூரிக்குப் போட்டி, பணபலம் கொண்ட தனியார் பல்கலைக்கழகங்கள்தாம் என்பது அது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டணமில்லா இடம், விடுதி, சத்தான உணவு, காலணி முதல் செயற்கை விரிப்பு வரை எல்லாம் கொடுத்து அவர்கள் அழைக்கிறார்கள். இதைவிட நுட்பமான ஒரு வேற்றுமையும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தானே ஓர் அணியாக்கிப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு நேரே அனுப்பிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரியில் படிப்பவனோ முதலில் கல்லூரிகளுக்கிடையே ஆடி, பின்பு தேர்வில் நின்று, பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தாக வேண்டும். ஒருவனுக்கு ஒரு படி, மற்றவனுக்கு மூன்று படி. திறமையுள்ள பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

மாவட்டத்தின் அமைப்பும் நண்பருக்குத் துணை நிற்கவில்லை. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் இருவேறு ரயில் பாதைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புறநகர் ரயிலில் செல்ல விரும்புபவர் சென்னைக்குள் வந்து வண்டி மாறித்தான் போக வேண்டும். திருத்தணியிலோ திருவாலங்காட்டிலோ உள்ள ஆட்டக்காரன் அவ்வளவு தூரம் வந்தபின் சென்னையிலேயே இறங்கிக்கொள்வதில் வியப்பில்லை. ஆக, நண்பர் தேடக்கூடிய நிலம் பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு என்று குறுகிவிடுகிறது.

இந்த நிலத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டிகள் நடக்கின்றன. ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் தமிழில் சடுகுடு என்றும் தெலுங்கில் செடுகுடு என்றும் ஒரே ஆட்டத்தை இரு மொழிகளிலும் ஆடுகிறார்கள். மண் களத்தில் வெறுங்காலோடு பாடிப்போய் மூவரைத் தொட்டுத் திரும்பும் பையன்களைக் கண்ணால் கண்டோம். ஆட்டம் முடிந்ததும் நண்பர் அவர்களில் ஒருவனிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டார். “காலேஜ் இல்ல சார், கம்பெனி” என்றான் அவன். அன்றிரவு இதே பதிலை வேறு சிலரிடமும் கேட்டோம்.

நண்பரின் உண்மையான போட்டியாளர் யார் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. விடியற்காலையில் கவரைப்பேட்டைக் கூட்டுச்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், தேர்வாய்கண்டிகைக்கும், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டிக்கும் ஆட்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு பையன்கள் அவற்றில் ஏறிவிடுகிறார்கள். பெண்களுக்கும் தனிப் பேருந்துகள் உண்டு. இந்தப் பேருந்து வீட்டுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது; முதல் மாதத்திலிருந்தே கையில் பணம் தருகிறது. எந்தப் பயிற்சியாளராலும் இவ்விரண்டையும் தர இயலாது.

ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறோம். பையன் நல்ல உயரம்; கணுக்காலைப் பிடிப்பதில் வல்லவன். தாயார் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு நண்பரிடம் நேராகவே கேட்டார்: “மூணு வருசம் ஆடினா என்னா சார் கெடைக்கும்?” அரசுப் பள்ளியில் படித்தவனானால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்றார் நண்பர். 2024இல் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளியின் தொடக்கச் சம்பளம்கூட அதைப்போல் பல மடங்கு. அந்தத் தாயார் கணக்கில் தவறு செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் ஆள் சேர்ப்பவருக்கு ஒரு சபலம் வருகிறது. பொய் சொல்லிவிடலாம் என்பதே அது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, உன் மகனுக்கு வேலை உறுதி என்று சொல்லலாம். புரோ கபடியில் கோடிக்கணக்கில் ஏலம் போகிறார்கள் என்று சொல்லலாம். ஒதுக்கீடும் உண்மை, ஏலமும் உண்மை. ஆனால் ஒதுக்கீடு கிடைப்பது குறிப்பிட்ட உயர்நிலைப் போட்டிகளில் சாதித்தவர்களுக்கு; கல்லூரி அணியில் மூன்றாண்டு ஆடிய எல்லோருக்கும் அன்று. 2008இல் இந்தியாவில் பேஸ்பால் பந்துவீச்சாளரைத் தேடி ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டி நடந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பந்தெறிந்து பார்த்தார்கள். ஈட்டி எறிபவர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்கள் அமெரிக்கா சென்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். 2014இல் அது திரைப்படமாயிற்று, ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்தார். அந்த இருவர்கூட மேஜர் லீக் களத்தை எட்டவில்லை. ஏனைய ஆயிரக்கணக்கானோர் கதை எவருக்கும் தெரியாது. அந்த ஏனையோரில் ஒருவனாகத் தன் மகன் ஆகிவிடக்கூடாது என்றுதான் அந்தத் தாயார் அஞ்சுகிறார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆளெடுப்பு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கும் பற்றாக்குறை உண்டு. முதல் பிரிவுக் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் 11.7 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. பயிற்சியாளர் அதையே ஏறத்தாழ முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வந்தார். 2025இல் ஏற்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பின் அம்முறை மாறி, அத்தீர்வை ஏற்ற கல்லூரிகளுக்கு அணியில் 34 பேர் என்ற வரம்பு வந்தது. அவர்கள் அனைவருக்கும் உதவித்தொகை தரலாம். தொகை கூடியோ குறைந்தோ இருக்கட்டும். மாணவனின் கையில் என்ன வரும் என்பது அங்கே காகிதத்தில் எழுதப்படுகிறது. நம் ஊரில் அது வாய்வார்த்தையாகவே நின்றுவிடுகிறது. விடுதி தருகிறோம் என்று அழைக்கப்பட்டு, முழங்காலில் ஜவ்வு கிழிந்த பிறகு கைவிடப்பட்ட பையன் ஒருவனை இந்தப் பயணத்தில் நாங்கள் சந்தித்தோம். அவனும் இப்போது கம்பெனிப் பேருந்தில்தான் போகிறான்.

எனவே எங்கள் கருத்து இது. ஒரு சிறு கல்லூரியின் அணியை மீட்டெடுப்பது ஆட்டக்காரர்களை வளைத்துப் பிடிக்கும் வேலையன்று. ஒரு குடும்பம் மூன்று ஆண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக நாம் நேர்மையாக எதைத் தர முடியும் என்ற கேள்விதான் அதன் மையம். அதற்கு விடை காணாமல் எத்தனை விரிப்பு வாங்கினாலும் பயனில்லை.

நேர்மையாகத் தரக்கூடியவை சில உண்டு. முதலாவது, பட்டம். ஆட்டக்காரன் தேர்வில் தவறாமல் படிப்பை முடிப்பதற்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, காப்பீடு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடிக் களத்திலேயே ஓர் இளம் வீரர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது. முழங்காலுக்கும் உயிருக்கும் பொறுப்பேற்காத கல்லூரிக்கு ஆட்டக்காரனை அழைக்கும் தகுதியில்லை. மூன்றாவது, நேரம். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சிகளாக வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பு ஒரு வேளை, பயிற்சி ஒரு வேளை, பகுதிநேர வேலை சில மணி என்று ஒரு நாளைப் பிரித்துக்கொள்ள அதில் இடமுண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் சேரலாமே என்று சிலர் கேட்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் முழுநேர மாணவர்களே ஆட முடியும் என்பதால் அந்த வழி ஆட்டக்காரனுக்கு உதவாது.

அந்தப் பகுதிநேர வேலையைத் தரக்கூடியவர்கள் தொழிற்சாலைக்காரர்களே. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உடைய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அப்பணிகளின் பட்டியலில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, மின்வாரியம், இந்தியன் வங்கி போன்றவை ஆட்டக்காரர்களை வேலைக்கு வைத்தே தமிழகத்தின் விளையாட்டை வளர்த்தன. இன்று ஒரு சிப்காட் நிறுவனம் பெயர்ப் பலகை மாட்டிய ஆடுகளம் ஒன்றைக் கட்டிக்கொடுப்பதைவிட, பத்து மாணவர்களுக்கு மூன்றாண்டுக்கு மாத உதவித்தொகையும் விடுமுறைக்கால வேலையும் தருவது மேல். புகைப்படத்துக்கு அது அழகாக இராது என்பது மெய்தான்.

அடுத்தது, எங்கே தேடுவது என்பது. வடுவூர் போன்ற ஊர்கள் தலைமுறைகளாகக் கபடி வளர்ப்பவை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அபினேஷ் அவ்வூர்க்காரர். ஆனால் அதே போட்டியில் மகளிர் அணியில் தங்கம் வென்ற கார்த்திகா, சென்னையின் விளிம்பிலுள்ள கண்ணகி நகரைச் சேர்ந்தவர். பெயர்பெற்ற ஊர்களை மட்டுமே சுற்றிவருபவர் கண்ணகி நகரைக் கண்டிருக்க மாட்டார். எங்கள் பகுதிக்கும் இது பொருந்தும். பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் துடுப்பு வலித்து இறுகிய தோள்கள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கே அலையும் இருளர் குடியிருப்புகளுக்கு எந்த ஆளெடுப்பாளரும் போனதில்லை என்றார் நண்பர். பெண்கள் அணி என்ற எண்ணமே அக்கல்லூரியில் இதுவரை எவருக்கும் எழவில்லை.

கும்மிடிப்பூண்டியில் 1990இல் இருந்து இயங்கிவரும் ஈழத்தமிழர் முகாமைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் நன்றாக ஆடுகிறார்கள். கல்லூரிக்காக அவர்கள் ஆடலாம். இந்தியக் குடியுரிமை இல்லாதவனோ இந்திய அணியின் சீருடையை அணிய இயலாது. அத்தகைய ஒருவனை அழைக்கும்போது இதை மறைப்பது பெருந்தவறு. இதைக் காரணம் காட்டி அழைக்காமலேயே இருப்பது அதனினும் பெருந்தவறு. சொல்லிவிட்டு அழைக்க வேண்டும். முடிவு அவனுடையது.

இவையெல்லாம் இரண்டு ஆண்டுகளில் நடந்துவிடுமா? நடவா. புதிதாக வந்தவருக்கு முதலாண்டு தோல்வியில்தான் கழியும் என்பதை நிர்வாகங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். கோப்பை கேட்டு நெருக்கினால் அவர் வேறு கல்லூரியிலிருந்து ஆட்களை இழுப்பார், இல்லையேல் வீடுவீடாகப் பொய் சொல்வார். ஐந்தாண்டு கழித்து, அவர் அழைத்து வந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் நல்ல முழங்காலோடு வெளியேறினார்கள் என்று கணக்குக் கேட்கட்டும். அலமாரியில் கோப்பை அதன் பிறகு சேர்ந்தால் போதும்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு நண்பர் அன்று சொன்ன விடையோடு முடிக்கிறோம். “வேலைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாதும்மா. படிப்பை முடிக்க வைப்பேன். அடிபட்டால் நான் கூட இருப்பேன்” என்றார். தாயார் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நண்பரின் அணியில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். மாலைப் பயிற்சியின்போது இன்னும் இரண்டு பையன்கள் கம்பெனிச் சீருடையோடே வந்து களத்தின் ஓரம் நிற்கிறார்கள். கல்லூரியில் சேராதவர்களை ஆடவிட விதி இடந்தராது. ஆயினும் நண்பர் அவர்களைத் துரத்துவதில்லை. அடுத்த ஜூனில் விண்ணப்பம் எப்போது தொடங்கும் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.