கொட்டாவியும் சொடக்கும்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலுக்குக் காத்து நிற்பவர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒருவர் கொட்டாவி விடுவார். எதிரில் நிற்பவர் வாயும் திறக்கும். வண்டி வண்டலூரைத் தாண்டுவதற்குள் பெட்டியில் பலர் விட்டிருப்பார்கள். இதில் யார் மீதும் குற்றமில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில் வாய்க்கு நேரே விரலை இரண்டு தரம் சொடக்கி, "சிவ சிவா" என்று முடித்துக் கொள்ளுகிறாரே, அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் நாம் கேட்கின்றோம். திறந்த வாய்க்குள் பேய் புகுந்துவிடுமாம்! சாப்பிடும்போதும், வம்பு பேசும்போதும், குறட்டை விட்டுத் தூங்கும்போதும் மணிக்கணக்காய்த் திறந்து கிடக்கும் வாயில் புகத் தெரியாமல், ஆறு வினாடி கொட்டாவிக்காகக் காத்துக் கிடக்கும் பேய் எவ்வளவு முட்டாள் பேயாயிருக்க வேண்டும்!

நிற்க, உடம்பின் காரியங்களில் நாமாகச் செய்வது என்றும், நம்மைக் கேளாமல் தானாக நடப்பது என்றும் இரண்டு வகை உண்டு. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் உதைக்கிறது. தட்டிய செய்தி முதுகுத் தண்டு வரை போய்த் திரும்பிவிடுகிறது. மூளையின் உத்தரவு அதற்கு வேண்டியதில்லை. கண்ணில் தூசி பட்டால் இமை மூடுவதும் நம் யோசனையைக் கேட்டல்ல. கொட்டாவி இவற்றைவிடச் சற்றுப் பெரிய ஏற்பாடு. மூளையின் அடிப்பாகத்திலிருந்து கிளம்பித் தாடை, தொண்டை, மார்பு எல்லாவற்றையும் வரிசையாக ஆட்டி வைக்கிறது. அடுத்த கொட்டாவி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுப் பாருங்கள். அரைகுறையாய் நின்று தொல்லை கொடுக்குமே தவிர திருப்தி வராது.

தாய் வயிற்றில் மூன்று மாதக் கரு வாயைத் திறந்து கொட்டாவி விடுவதை ஸ்கேன் கருவியில் பார்க்கிறார்கள். அதற்கு எந்தப் பேய், எந்தக் கண் திருஷ்டி? காற்றில் பிராணவாயு குறைவதால்தான் கொட்டாவி வருகிறது என்று வெகு காலம் படித்தவர்களும் நம்பினார்கள். 1987-ல் அமெரிக்காவில் ராபர்ட் புரோவைன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சிலரைச் சுத்தப் பிராணவாயுவையும், கரியமிலவாயு கூடிய காற்றையும் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். கொட்டாவி கூடவுமில்லை, குறையவுமில்லை. பழைய காரணம் அன்றோடு ஆட்டம் கண்டது. மூளையின் சூட்டைத் தணிக்கவே வருகிறது என்பார் சிலர். அதை மறுப்பாரும் உண்டு. விஞ்ஞானி இவ்வளவு தயங்குகிறான். நம் மந்திரக்காரனோ, குழந்தை இரண்டு கொட்டாவி விட்டால் போதும், "கண் பட்டுவிட்டது, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு" என்று ஒரு வினாடியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். தூக்கம் வருகிற குழந்தையைத் தூங்கவிடாமல் அடுப்படியில் மிளகாய்ப் புகையில் உட்கார வைப்பதுதான் வைத்தியமாம்.

இன்னொரு புரட்டும் இதோடு சேர்ந்தது. கோபுரத்தைக் கண்டதும் கை கன்னத்தில் போட்டுக் கொள்வதைப் பற்றிக் கேட்டால், "தானாக வருகிறது ஐயா" என்கிறார்கள். கொட்டாவி விடக் கருவுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கன்னத்தில் போட்டுக் கொள்ளக் குழந்தையின் கையைப் பிடித்து எத்தனை நாள் பழக்கினீர்கள்? மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி ருஷ்யாவில் பாவ்லவ் பழக்கிக் காட்டினார். அந்த நாயும் "தானாக வருகிறது" என்றுதான் சொல்லியிருக்கும், வாய் மாத்திரம் இருந்தால்! பழக்கினது பழக்கினதுதான், இயற்கையாகிவிடாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். பக்கவாதத்தால் கை விழுந்து போனவர்களில் சிலருக்கு, எவ்வளவு முயன்றாலும் அசையாத அந்தக் கை, கொட்டாவி வரும்போது மாத்திரம் தானே மேலே எழும்பும். நாமாக அசைக்கும் பாதை அறுந்திருக்க, தானாக அசையும் பாதை பிழைத்திருப்பதன் அடையாளம் அது. விபூதி போட்டவன் அந்தச் சமயம் பக்கத்தில் இருந்தால் பலன் யாருக்குப் போகும்? "கை தூக்கிவிட்டார், இன்னும் மூன்று வெள்ளி மந்திரித்தால் நடப்பார்" என்று காசையும் வாங்கிக் கொள்வான். மூளையில் ரத்தக் குழாய் அடைபட்டவர்களில் பலருக்கு, நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினால் கை கால் மீளும். வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு கை விழுந்தால் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வண்டி போகிற தூரம்தான். 108-ஐக் கூப்பிட்டால் வருகிறது, காசும் இல்லை.