துப்பிவிடுங்கள், சார்!

ஒரு பொட்டலம் கடலையில் எல்லாமே ருசியாக இருக்கும். கடைசியாக ஒன்று வரும் பாருங்கள், சொத்தை! கசப்பு உச்சந்தலைக்கு ஏறும். வாயை மாற்றிக்கொள்ள நல்லதாக ஒன்று தேடினால் பொட்டலம் காலி. எதிரே மேனேஜர் நின்றால் நாகரிகம் கருதி அதை விழுங்கியும் விடுவோம்.

வேண்டாம் சார். மேனேஜரா கல்லீரலா என்றால் கல்லீரல்தான் முக்கியம். அதற்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது.

அந்தக் கசப்பு, கடலை கெட்டதற்கு அடையாளம். கெட்ட கடலையில் கூடவே இன்னொரு ஆசாமி குடியிருக்கலாம். பெயர் அஃப்ளாடாக்ஸின். ருசியோ வாசனையோ இல்லாத பூஞ்சை நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பொத்துப் பொத்தென்று செத்து விழுந்தன. துப்புத் துலக்கியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு மாட்டிக்கொண்டது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் கைவரிசை.

வான்கோழிதானே என்று சிரிக்காதீர்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கத்துக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை, வேறு வழியில்லாமல் ஏழைகள் சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். 397 பேர் படுத்தார்கள்; 106 பேர் எழுந்திருக்கவில்லை. அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன.

நமக்கு அப்படி ஒரேயடியாக வராது. சிறுகச் சிறுக வரும். பி.காம். பாஷையில் சொன்னால் ரெக்கரிங் டெபாசிட். முதிர்வுத் தொகை கல்லீரல் புற்றுநோயாக இருக்கலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவர் என்றால் வட்டி விகிதமே வேறு. அதே அளவு நஞ்சு அவரிடம் சுமார் 30 மடங்கு வீரியம் காட்டுகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டாச்சா?

"வறுத்தாச்சே சார், செத்திருக்காதா?" என்பார்கள். பூஞ்சை சாகும். அது விட்டுப்போன நஞ்சு வறுத்தால் கொஞ்சம் குறையும், ஒழியாது.

அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இயற்கை வைத்தியம் ஏதாவது?" கீழாநெல்லி, மஞ்சள், 'உடம்பைக் கழுவிவிடும்' பச்சை ஜூஸ் என்று ஆளுக்கொரு பாட்டில் நீட்டுகிறார்கள். உள்ளே போன அஃப்ளாடாக்ஸினைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக நிரூபிக்கப்பட்ட கஷாயம் எதுவும் கிடையாது. கொஞ்சம் நம்பிக்கை தந்த ஒன்று உண்டு. இலைப் பச்சையத்திலிருந்து எடுக்கும் குளோரோஃபிலின். சீனாவின் சிடோங்கில் 180 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. நாலு மாதம், தினம் மூன்று வேளை 100 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களிடம், நஞ்சு மரபணுவைச் சேதப்படுத்தியதற்கான தடயம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் தடுப்புதான், சிகிச்சை அல்ல. இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரையைத் தின்றபடி சொத்தைக் கடலையை மெல்லக் கிளம்பாதீர்கள்.

நிஜமான இயற்கை வைத்தியம் நம் பாட்டிகளிடம் இருந்தது. வெயிலும் முறமும்! ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காயவைத்த கடலையில் பூஞ்சைக்குச் சோறு கிடையாது. முறத்தில் புடைத்து, சுருங்கினது, நிறம் மாறினது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பாட்டி பொறுக்கி எறிந்தாள். அங்கேதான் சூட்சுமம். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில கடலைகளில் மட்டும் குவிந்துகிடக்கும். அந்தச் சிலதைப் பொறுக்கினாலே பெரும்பங்கு ஒழிந்தது. அதையே இப்போது பெரிய ஆலைகளில் கேமரா வைத்த மெஷின் செய்கிறது. பாட்டிக்கு இ.எம்.ஐ. கிடையாது.

செக்கு எண்ணெய் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெய்க்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆட்டுகிறவர் நல்ல கடலையாகப் பொறுக்கிப் போடுகிறாரா என்று எட்டிப் பாருங்கள்.

எண்ணெய் போக மிச்சம் புண்ணாக்கு. அது மாட்டுக்கு. மாட்டிடமிருந்து பால். நஞ்சும் எம்1 என்று வேஷம் மாற்றிக்கொண்டு கூடவே வருகிறது; காய்ச்சினாலும் போவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் இது வரம்பை மீறியிருந்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 88.

தண்ணீர் கலந்த பால் என்று பால்காரரிடம் சண்டை போடுகிறோமே, மாட்டுக்கு என்ன புண்ணாக்கு போடுகிறீர்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நாளைக் காலை கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.