கடைசி வெட்டு வரை கணக்கு



2011 மே 30 அன்று ஏபிசியின் ‘ஃபோர் கோர்னர்ஸ்’, இந்தோனேசிய இறைச்சிக்கூடங்களில் அவுஸ்திரேலிய மாடுகள் பட்ட பாட்டைக் காட்டியது. பத்து நாள்கூட ஆகேல்லை, கில்லார்ட் அரசு அங்கு மாடு ஏற்றுவதை நிறுத்தியது. ஒரு மாதத்தில் தடை நீங்கினாலும் புது விதி வந்தது: கடல் கடந்தும், கடைசி வெட்டு வரை, மாட்டை எப்படி நடத்துகிறார்கள் என்று ஏற்றுமதியாளர் கணக்குக் காட்டவேணும். நல்ல விதிதான்.

அதே ஜூலையில் அதே அரசு, படகில் வந்த 800 பேர்வரை மலேசியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டது. அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு அது. ஆகஸ்ட் 31இல் உயர் நீதிமன்றம்தான் மறித்தது.

பிறகு பிலோயெலா. அந்த ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த நடேசலிங்கத்தின் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியப்புறம் கொண்டுபோச்சினம். திரும்பி வர 2022 ஜூன் ஆச்சு.

‘மாட்டுக்கு அழுகினம், எங்களுக்கு இல்லை’ எண்டு எங்கட ஆக்கள் நக்கலடிக்கிறதை நான் ஏற்கேல்லை. மாட்டுக்காக நிண்டவை, எல்லைக்கு அப்பாலும் பொறுப்பு உண்டெண்டு விதியாக்கிக் காட்டினவை. நாங்களும் அதையே கேட்பம்: நாடுகடத்தப்படுகிற ஒவ்வொருவருக்கும் கட்டுநாயக்காவுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கன்பரா கணக்குக் காட்டட்டும்.